மகமை முதல் மாநகராட்சி வரை: மீண்டும் கேட்டு வாங்கும் வரி

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் போய் வருகின்றனர். ஜூஜுவாடியில் தமிழ்நாடு முடிந்து அத்திப்பள்ளியில் கருநாடகம் தொடங்குவதை, அறிவிப்புப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கொண்டு அவர்கள் அறிந்துகொள்வர். பலகைகளில் எழுதப்படாத வேறோர் எல்லையும் அச்சாலையில் உண்டு. அது வரியின் எல்லை. தெற்கே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை; வடக்கே எலெக்ட்ரானிக் சிட்டி. முன்னதில் ஓர் ஆலை செலுத்தும் சொத்துவரி உள்ளாட்சியின் பொதுக் கருவூலத்தில் சென்று கலக்கிறது. பின்னதில் அவ்வரியின் பெரும்பகுதி, 2013ஆம் ஆண்டு முதல், அந்நகரியத்தின் எல்லைக்குள்ளேயே செலவாகிறது. அங்குள்ள சாலையும் விளக்கும் வடிகாலும் அங்குள்ள உடைமையாளர் தந்த பணத்தால் பேணப்படுகின்றன.

உடைமையாளர் தரும் பணம் அவர்தம் தெருவுக்கே செல்லவேண்டும் என்பது நியாயமா? அன்றி, ஊருக்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும் என்பது நியாயமா? இது பொருளியலார்க்கு உரிய வினா என்று தமிழ் படித்தோர் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. இறை, கடமை, குடிமை, ஆயம், மகமை என்று வரிக்கு நம் கல்வெட்டுகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்தால் அதுவே ஒரு சிற்றகராதி ஆகும். அச்சொற்கள் வழியே இவ்வினாவை அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டார் கண்ட ஏற்பாடு

முதலில் இதன் இன்றைய வடிவத்தை அறிந்துகொள்வோம். கனடா நாட்டின் டொரான்டோ நகரில் புளூர் வீதி வணிகர்கள் 1960களில் ஓர் இக்கட்டில் சிக்கினர். 1966இல் அவ்வீதியின் அடியில் சுரங்க இரயில் ஓடத் தொடங்கியது. வீதி வழியே நடந்து சென்ற கூட்டம் நிலத்துக்கு அடியில் இறங்கிவிட்டது. புறநகர்ப் பேரங்காடிகள் எஞ்சிய வாடிக்கையாளரையும் ஈர்த்தன. வணிகர் சிலர் தாமே பணம் போட்டு விளக்குகளும் இருக்கைகளும் அமைக்க முன்வந்தனர். ஆனால் ஒருவர் பணம் தர, தராத மற்றவரும் பயன் கொள்ளும் நிலையில் நன்கொடை எத்தனை நாள் தாங்கும்? எனவே, பெரும்பான்மையர் இசைந்தால் அவ்வட்டாரத்தார் அனைவரும் தரவேண்டும் என்று சட்டம் கேட்டனர்; பெற்றனர். 1970இல் தோன்றிய இவ்வமைப்பே உலகின் முதல் ‘வணிக மேம்பாட்டு வட்டம்’ என்பர். அமெரிக்காவில் இதே வழியை 1970களின் நடுவில் நியூ ஆர்லியன்சு நகரம் மேற்கொண்டது.

இவ்வேற்பாட்டில் நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய வட்டம் ஒன்று முதன்முறையாக அமையும்போது அதற்கு ஐந்தாண்டு ஆயுளே தரப்படும். அதன்பின் அது தானாகத் தொடராது. உடைமையாளரிடம் மீண்டும் சென்று, இதுவரை செய்தது இது, இனிச் செய்யவிருப்பது இது என்று எடுத்துரைத்து, புதிய இசைவு பெற்றால்தான் அடுத்த தவணை. அது பத்தாண்டு வரை நீளலாம். இசைவு கிடைக்காவிடின் வட்டம் கலைந்துபோகும். இந்தப் புதுப்பித்தலே இதன் உயிர்நாடி. சாதாரண வரி ஒருமுறை விதிக்கப்பட்டால் நீக்கப்படும்வரை நிற்கும். இவ்வரியோ மீண்டும் கேட்கப்படாவிட்டால் இறந்துவிடும்.

ஆனால் கேட்கப்படுவது யாரை? கலிபோர்னியாவில் நில உடைமையாளரை. அதுவும், மிகுதியாகத் தருபவரின் வாக்குக்கு எடை மிகுதி. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. அங்கே பணம் தருவோரும் வாக்களிப்போரும் பெரும்பாலும் கடையை நடத்துவோர். கட்டடத்தின் உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். தலை எண்ணிக்கையிலும் வென்றாக வேண்டும், சொத்து மதிப்பின் கூட்டலிலும் வென்றாக வேண்டும் என்று இரட்டைப் பெரும்பான்மையை அச்சட்டம் விதித்தது. சிறுகடைகள் ஒன்றுகூடிப் பெருங்கடையை மிரட்டவும் ஆகாது. பெருங்கடை ஒன்று சிறுகடைகளை விழுங்கவும் ஆகாது. அங்கும் ஐந்தாண்டே எல்லை.

காலவரம்பு, கணக்கு, இசைவுக்கு உரியோர் யார் என்னும் வரையறை. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

உத்திரமேரூரின் ஓராண்டு

காஞ்சிக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக நாம் பெருமையுடன் பேசுகிறோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவற்றைச் சற்று ஊன்றிப் படித்தால், மேலே சொன்ன மூன்று கூறுகளும் அங்கே நிற்பதைக் காணலாம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இத்தனை நுட்பம் அமைந்த அச்சாசனமே தகுதியையும் வரையறுத்தது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையில் வீடு கட்டி வாழ்பவராக இருத்தல் வேண்டும். வயது 35க்குக் குறையாமலும் 70ஐத் தாண்டாமலும் இருத்தல் வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவருக்கு நில அளவில் சலுகை உண்டு. அது பிரமதேயம், எனவே அந்தணர் அவை. அந்த ஏரிக்கரையில் மண் சுமந்தவர்க்கும் அந்நிலங்களை உழுதவர்க்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

இதைச் சொல்வது பழம்பெருமையைக் குறைப்பதற்காக அன்று. உடைமையை அடிப்படையாகக் கொண்ட தன்னாட்சியின் வலிமையும் குறையும் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன என்பதைச் சுட்டவே. ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் ஒழுங்கு அதன் வலிமை. புதுப்பிக்கும் உரிமை உடையோரிடம் மட்டும் இருந்தது அதன் குறை.

வணிகர் தமக்குத் தாமே விதித்தது

நிலவுடைமையாளரின் அவை இவ்வாறிருக்க, வணிகர் கூடிய அவை ‘நகரம்’ எனப்பட்டது. நகரத்தார் தம் ஊர் அங்காடியை ஆண்டனர். கோயிலுக்கும் பொதுப்பணிக்கும் பொருள் திரட்டினர். ஐந்நூற்றுவர், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று வழங்கிய பெருவணிகக் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். பல ஊர்களின் வணிகர் ஓரிடத்தில் கூடி, தாம் விற்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் தாமே ஒரு சிறு விகிதத்தை விதித்துக்கொண்டு, அதை அறச்செயலுக்கு எழுதிவைத்தனர். இதனைப் பட்டணப்பகுடி என்று கல்வெட்டுகள் குறிக்கும். பாண்டிநாட்டுப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவற்றுள் புகழ்பெற்றது. உப்பு, நெல், பாக்கு, மிளகு என்று நீளும் அதன் பட்டியல், அக்காலச் சந்தை ஒன்றில் நாமே நுழைந்துவிட்டது போன்ற உணர்வைத் தரவல்லது.

இது அரசன் விதித்த வரி அன்று, நன்கொடையும் அன்று. கூடி இசைந்தபின் எவரும் விலக முடியாத ஒன்று. புளூர் வீதி வணிகர் சட்டமன்றத்திடம் கேட்டுப் பெற்ற அதே தன்மையை, பிரான்மலை வணிகர் தம் குழுவின் கட்டுப்பாட்டாலேயே அடைந்திருந்தனர்.

இம்மரபின் நெடிய தொடர்ச்சிதான் மகமை. தென்மாவட்ட நாடார் உறவின்முறைகள் தம் ஊர் வழியே செல்லும் சரக்கின் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை தண்டி, கிணறும் பேட்டையும் கோயிலும் பள்ளியும் அமைத்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பெற்ற சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுநிதியின் பயன். காமராசர் பயின்ற பள்ளி அது. வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியும் அக்கல்விப் பணிக்கு உதவியது என்பர். மகமை நிலைத்து நின்றதன் காரணம் எளிது. அதைத் தந்தவர் அதன் பயனை நாள்தோறும் கண்ணால் கண்டனர். உறவின்முறைக் கூட்டத்தில் கணக்குக் கேட்க முடிந்தது. அதன் எல்லையும் எளிதே. சாதி எல்லைக்கு அப்பாலிருந்தவர் அக்கூட்டத்தில் அமரவில்லை.

கேளாமல் விதித்தது

இனி, கேட்காமலே விதித்த வரியின் வரலாற்றுக்கு வருவோம். சென்னையில் மத்திய இரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே செல்லும் சாலையை இன்றும் வால்டாக்ஸ் சாலை என்கிறோம். ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையை அச்சுறுத்திய காலத்தில், கறுப்பர் பட்டணம் எனப்பட்ட பகுதியைச் சுற்றிக் கும்பினியார் மதில் எழுப்பினர். மதிலால் பயன்பெறுவோர் அதற்குள் வீடு உடையோர். ஆகவே செலவை அவர்களே ஏற்கவேண்டும் என்பது கும்பினி மேலிடத்தின் கருத்து. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அத்தகைய வரி விதிக்கச் சட்ட உரிமை உண்டா என்ற ஐயம் எழுந்தது, வரி வசூலாகவேயில்லை. மதில் சிறு எச்சங்களாகச் சுருங்கிவிட்டது; வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்துவிட்டது.

அதே ஐதர் அலியின் ஆட்சியிலும் பின் அவர் மகன் திப்புவின் ஆட்சியிலும் இருந்ததுதான் நம் கிருட்டிணகிரி வட்டாரம். 1792இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. பாராமகாலை அளக்கவும் வரி வகுக்கவும் அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீடு. அவருடைய உதவியாளருள் ஒருவர் தாமசு மன்றோ. பின்னாளில் தென்னாடு முழுவதும் பரவிய இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் வடிவம் பெற்றது. அம்முறையில் அரசு ஒவ்வொரு பட்டாதாரரிடமும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டது. இடைத்தரகர் ஒழிந்தனர் என்பது அதன் நன்மை. ஊர் கூடி அரசிடம் பேசும் பழக்கம் தளர்ந்தது என்பது அதனோடு சேர்ந்து வந்த இழப்பு. கூடி இசைவதற்குரிய அவை இல்லாத இடத்தில், வரி என்பது தனி மனிதனின் கைக்கு வரும் ஓர் ஓலையாக மாறிவிடுகிறது.

நகரங்களிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், ஒரு நகரத்தார் தாமாக விரும்பிக் கேட்டால் மட்டுமே அங்கே நகர மேம்பாட்டு வரி விதிக்கலாம் என்றது. இன்றைய கலிபோர்னியச் சட்டத்தின் மூதாதை என்றே அதைச் சொல்லத் தோன்றும். ஆனால் வரியைத் தாமே வலிய வேண்டிப் பெற யார் முன்வருவர்? சென்னை மாகாணத்தில் அது வேரூன்றவில்லை. 1865இன் நகர மேம்பாட்டுச் சட்டம் இசைவை ஒதுக்கிவிட்டுக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது. தண்டிய வரியில் கணிசமான பகுதி காவல்துறைச் செலவுக்கே போயிற்று. ஓசூர் அப்போது அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தின் தலைநகருக்கு 1866இல் நகராட்சி வந்தது இவ்வழியே.

ஏரி மராமத்திலும் அவ்வாறே. ஆயக்கட்டு உழவர் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்தை 1858இன் முதலாம் சட்டம், செய்யத் தவறினால் தண்டம் என்னும் கட்டாயமாக்கியது. வழக்கமாக இருந்தவரை அப்பணிக்கு ஊரின் இசைவு இருந்தது. சட்டமானபின் அரசின் ஆணை மட்டுமே மிஞ்சியது.

தொரப்பள்ளியில் பிறந்த நகராட்சித் தலைவர்

வரி செலுத்துவோரே வாக்காளர் என்றிருந்த அக்காலத்து நகராட்சி ஒன்றின் தலைமைக்கு 1917இல் வந்தவர் நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார். சேலம் நகராட்சித் தலைவராக அவர் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கே எண்ணத்தக்கது. அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் பணியில் தாழ்த்தப்பட்டவர் எனப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவரை மாற்றவேண்டும் என்று அத்தெருவார் கூக்குரலிட்டனர். இராசாசி இசையவில்லை.

அத்தெருவார் வரி செலுத்துவோர், வாக்களிப்போர். இன்றைய மேம்பாட்டு வட்டத்தின் தருக்கப்படி பார்த்தால், பணம் தந்தவரின் விருப்பமே அத்தெருவின் விதியாக வேண்டும். குழாய் அவர்கள் பணத்தில் வந்ததாயினும், அதைத் திறக்கும் கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று நின்றது நகராட்சி. தெரு என்பது அதற்குப் பணம் கட்டியவரின் முற்றம் ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

சாலையின் இரு முனைகள்

இப்பின்னணியோடு மீண்டும் ஓசூர்ச் சாலைக்கு வருவோம். கன்னடத்தில் ஓசூர் என்றால் புத்தூர். சந்திரசூடேசுவரர் மலைக்கோயிற் கல்வெட்டுகளில் செவிடபாடி என்று வழங்கும் பழைய ஊர், பெயரளவில் புத்தூரானது என்றோ. உண்மையில் புத்தூரானது 1970களில்தான். தமிழ்நாடு அரசு 1971இல் தோற்றுவித்த சிப்காட் நிறுவனம், பின்தங்கிய பகுதியாக எண்ணப்பட்ட அன்றைய தருமபுரி மாவட்டத்தின் இவ்வெல்லையில், பெங்களூரின் அண்மையைக் கருதித் தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்டு ஆலையும் டி.வி.எசு. மொபெட் ஆலையும் இயங்கத் தொடங்கின. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்கள் ஓசூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறுதொழிற்கூடங்கள் முளைத்தன. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 45 வார்டுகளுக்கும் முதல் மாநகராட்சித் தேர்தல் 2022இல் நடந்தது.

சிப்காட்டில் ஆலை வைத்திருப்பவர் நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றவர். பேட்டையின் சாலைக்கும் விளக்குக்குமாகச் சிப்காட்டிடம் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார். உள்ளாட்சிக்குச் சொத்துவரியும் செலுத்துகிறார். இரண்டு ரசீதுகள் கையில் இருக்கின்றன. ஆனால் அக்கட்டணத்தைத் தொடரலாமா என்று அவரிடம் தவணைதோறும் வாக்குக் கேட்பாரில்லை. இது பணம் தருவோரின் குறை.

எல்லைக்கு அப்பால் கதை வேறு. கியோனிக்ஸ் எனப்படும் கருநாடக அரசு நிறுவனம் 1970களின் இறுதியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வித்திட்டது. அங்குள்ள தொழிலகங்கள் தமக்கொரு சங்கம் கண்டு, 1997இல் அவ்விடத்தின் பராமரிப்பைத் தாமே ஏற்றன. 2013இல் அரசு அதனைத் தொழில் நகரியமாக அறிவிக்க, எல்சிட்டா என்னும் ஆணையம் உருவாகிச் சொத்துவரியைத் தானே தண்டலாயிற்று. இதற்கு வழிவிட்டது நம் அரசமைப்புச் சட்டமே. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம், நகரங்களுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி வேண்டும் என்று கூறிய அதே 243-கியூ பிரிவில், ஒரு தொழில் நிறுவனம் நகராட்சிப் பணிகளைத் தானே செய்துவரும் இடத்தை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவித்து விலக்களிக்கலாம் என்றும் கூறியது.

விலக்கின் பொருள் என்ன? அங்கே வார்டு இல்லை. வார்டுத் தேர்தலும் இல்லை. தெரு தூய்மையாக இருக்கலாம். வடிகால் ஒழுங்காக ஓடலாம். ஆனால் அந்நகரியத்தில் பகலெல்லாம் உழைப்போரும் உணவு சமைப்போரும் காவல் நிற்போரும் மாலையில் திரும்புவது கோனப்பன அக்கிரகாரம், தொட்டதோகூரு போன்ற சுற்றுப்புற ஊர்களுக்கு. முன்பு அவ்வூராட்சிகளை நோக்கிச் சென்ற வரியின் பெரும்பகுதி நகரியத்தின் வேலிக்குள் தங்கிவிட்டது. வேலிக்கு வெளியே இருப்போரின் குறை இது. சார்க்கண்டின் சம்செட்பூரில், நகராட்சி வேண்டுமா, தொழில் நகரியம் போதுமா என்னும் வழக்கு நீதிமன்றப் படிகளில் பல பத்தாண்டுகள் நடந்ததன் காரணமும் இதுவே.

ஒருபுறம் பணம் தந்தும் கேட்கப்படாதோர். மறுபுறம் அங்கேயே உழைத்தும் கேட்கப்படாதோர். அவ்விரு குறைகளும் ஒரே நெடுஞ்சாலையின் இரு முனைகளில் நிற்கின்றன.

ஆலந்தூர் காட்டிய வழி

மூன்றாவது வழி இல்லையா? உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி 1990களின் இறுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றை வகுத்தது. கடன் தரும் நிறுவனங்கள் மக்களின் பங்கைக் கேட்டன. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் முன்வைப்பாகத் தரவேண்டும் என்று முடிவாயிற்று. குழாய் ஒன்றும் பதிக்கப்படாத நிலையில் யார் தருவர்? நகர்மன்றத் தலைமையும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தெருத்தெருவாகக் கூட்டம் நடத்தி விளக்கின. திரட்டிய தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. பல்லாயிரம் வீட்டார் முன்கூட்டியே செலுத்தினர், திட்டமும் நிறைவேறியது. இந்தியாவெங்கும் இதனை எடுத்துக்காட்டாகப் பேசினர்.

அங்கே கேட்டது தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி. வேலி போட்ட நகரியம் அன்று. பணம் தந்தோர் வீட்டுடையோர். ஆயினும் திட்டத்தை நடத்திய மன்றம் வாடகைக்கு இருப்போரும் வாக்களித்துத் தேர்ந்த மன்றம். அக்காலத்திலேயே, 1997இல், மாநில அரசு தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டமும் மக்கள் ஒரு பங்கு தந்தால் அரசு மறுபங்கு தரும் என்னும் இக்கொள்கையில் எழுந்ததுதான். 2011இல் அது தன்னிறைவுத் திட்டமாகப் பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு மீண்டது. பெயர் எதுவாயினும், இத்திட்டங்கள் பணி முடிந்ததும் முடிந்துவிடுவன. கட்டியதைப் பேணுவதற்கு மீண்டும் கூடி இசையும் ஏற்பாடு அவற்றில் இல்லை. ஆலந்தூரும் 2011இல் சென்னை மாநகராட்சியில் கலந்துவிட்டது.

ஓசூர்க் கடைவீதிக்கு ஒரு முறி

ஓசூரின் பாகலூர்ச் சாலையிலோ நேதாசி சாலையிலோ கடை உடையோர் நாளை ஒன்றுகூடி, நடைபாதைக்கும் வடிகாலுக்கும் விளக்குக்கும் நாங்களே கூடுதலாகத் தருகிறோம், எங்கள் வீதிக்கே செலவிடுக என்று முன்வந்தால் நாம் என்ன சொல்வோம்? அவ்வாறு அவர்கள் எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. சென்னையில் 1998க்குப் பின்னும், பிற நகரங்களில் 2008க்குப் பின்னும் நெடுங்காலம் பொதுச் சீராய்வின்றிக் கிடந்த சொத்துவரி 2022இல் உயர்த்தப்பட்டது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கே 25 விழுக்காடு உயர்வு. நெடுநாள் உறங்கிய வரி திடீரென எழுந்தால், எங்கே போகிறது எங்கள் பணம் என்று கேட்பது இயல்பு.

நாம் அவர்களை வரவேற்கவே வேண்டும். ஆனால் முறி எழுதும்போது சில விதிகளைச் சேர்க்கச் சொல்வோம். காலவரம்பு ஐந்தாண்டுக்கு மேல் வேண்டா. ஒவ்வோராண்டும் கணக்கு அவ்வீதியிலேயே படிக்கப்பட வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்பதற்கு உத்திரமேரூரே சான்று. கட்டடத்துக்கு உரியவர் மட்டுமன்றி வாடகைக் கடைக்காரரும் இசைவு தரவேண்டும். ஏனெனில் கூடுதல் வரி நாளை வாடகையாக அவர் தலையில்தான் இறங்கும். தரைக்கடை விரித்திருப்போர், ‘அழகுபடுத்தல்’ என்னும் சொல்லின் முதற் பலியாகாதபடி, அவர்களுடைய இடமும் முறியிலேயே குறிக்கப்பட வேண்டும். தண்டிய தொகையில் ஒரு பங்கு, வீதி எல்லைக்கு வெளியே, அங்கே வேலை செய்வோர் குடியிருக்கும் தெருக்களுக்குச் செல்லவேண்டும். இவை அனைத்தும் மாநகராட்சி மன்றத்தின் மேற்பார்வையில் நிகழவேண்டும். அதற்கு மாற்றாக அன்று.

இவ்விதிகளைப் பார்த்ததும், இத்தனை நிபந்தனையோடு யார் பணம் தருவார் என்று கேட்கத் தோன்றும். பிரான்மலையில் கூடிய வணிகர் உப்பு மூட்டைக்கும் மிளகுப் பொதிக்கும் கணக்கெழுதித் தந்தனர். விருதுநகர் வீட்டார் அரிசிப் பிடியில் தந்தனர். ஆலந்தூர் வீட்டார் குழாய் வருமுன்பே தந்தனர். தரக் கேட்டபோது நம் மக்கள் தந்தே வந்திருக்கின்றனர். கேளாமல் விதித்தபோதே வால்டாக்ஸ் சாலையைப் போல் பெயர் மட்டும் மிஞ்சியது. ஆதலின், முதன்முறை தண்டும் தொகையைக் காட்டிலும், ஐந்தாண்டு கழித்து அதே வாசலில் நின்று, செய்ததைச் சொல்லி மறுபடி கேட்கும் துணிவே இத்தகைய ஏற்பாட்டுக்கு உரைகல். அப்போது எந்தெந்த வாசல்கள் தட்டப்படுகின்றன, எவை தட்டப்படாமல் விடப்படுகின்றன என்பதை ஓசூர் மக்கள் உற்று நோக்கட்டும்.